பழைய நிறுவனமும் நீங்களும் மாறி மாறி மானநஷ்ட வழக்குப் போட்டால்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 4 வருடம் வேலை பார்த்த இடத்தை விட்டு வந்த பிறகு இணையத்தில் இரண்டு வரி எழுதினீர்கள். "கடைசி 2 மாதச் சம்பளத்தை இன்னும் தரவில்லை" என்பது முதல் வரி. "அந்த மேனேஜர் ஒரு திருடன், எல்லாரிடமும் இதைத்தான் செய்கிறான்" என்பது அடுத்தது. 15 நாளில் நீக்கி எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்காவிட்டால் மானநஷ்ட வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் வெளியேறிய அன்றே, "ஒழுங்கீனம் காரணமாக நீக்கப்பட்டார்" என்று உங்கள் பெயரைப் போட்டு அலுவலகம் முழுக்க மின்னஞ்சல் அனுப்பியவர்கள் அவர்கள். பயப்பட வேண்டுமா, திருப்பி வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் ஒன்று. நோட்டீஸ் என்பது வழக்கு கிடையாது. அதை அனுப்ப நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை, அதில் எழுதியிருக்கும் தொகையை யாரும் சரிபார்த்ததும் இல்லை. அந்தத் தொகை உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதற்காகவே போடப்படுவது. அதற்காகக் கிழித்துப் போடவும் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இங்கிலாந்தின் சட்ட மரபிலிருந்து கிளைத்த நாடுகளில் அவதூறுச் சட்டத்தின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். அதை வைத்தே பேசுகிறேன், வேறுபடும் இடத்தில் நாட்டின் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதிரிச் சண்டையில் இரு தரப்பும் "நான் சொன்னது உண்மை" என்பதையே பிடித்துக்கொண்டு நிற்கும். உண்மை முக்கியம்தான். ஆனால் முதலாளி–தொழிலாளி அவதூறு வழக்குகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால், தீர்ப்பு திரும்புகிற இடம் பெரும்பாலும் வேறு ஒரு கேள்வியாக இருக்கும்: அதை யாரிடம் சொன்னீர்கள்? அது அவருக்குத் தெரிய வேண்டிய விஷயமா?

இந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட 200. 1834-இல் இங்கிலாந்தில் டூகுட் எதிர் ஸ்பைரிங் என்று ஒரு வழக்கு. டூகுட் ஒரு தச்சர். ஸ்பைரிங் ஒரு பிரபுவின் நிலத்தில் குத்தகைக்கு இருந்த விவசாயி. அந்த வீட்டில் மராமத்து வேலைக்காக டூகுடை அவருடைய முதலாளி அனுப்பிவைத்தார். வேலை முடிந்த பிறகு ஸ்பைரிங், "என் நிலவறைக் கதவை உடைத்துக் குடித்துவிட்டு வேலையைக் கெடுத்தான்" என்றார். அதை அவர் மூன்று முறை சொன்னார் என்பதுதான் விஷயம். ஒரு முறை டூகுடின் முகத்துக்கு நேரே, சக வேலையாள் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது. ஒரு முறை டூகுடின் முதலாளியிடம். இன்னொரு முறை, டூகுட் இல்லாத நேரத்தில், அதே சக வேலையாளிடம் தனியாக. முதல் இரண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். வேலைக்கு ஆள் அனுப்பியவரிடம் வேலையைப் பற்றிக் குறை சொல்வது இயல்பு, நேரில் கேட்பதும் இயல்பு. மூன்றாவதற்குப் பாதுகாப்பு இல்லை. அந்தச் சக வேலையாளிடம் அதைச் சொல்ல ஸ்பைரிங்குக்கு எந்த வேலையும் இல்லை. மனதார நம்பித்தான் சொன்னார் என்றாலும், சொன்னது பொய்யாக இருந்தால் அவர் தப்ப முடியாது. பேச்சு ஒன்று, ஆள் ஒன்று. கேட்டவரும் கேட்ட சந்தர்ப்பமும் மாறியதும் சட்டமும் மாறிவிட்டது.

இதைத்தான் வரம்புக்குட்பட்ட சிறப்புரிமை என்கிறார்கள். சொல்ல வேண்டிய கடமையோ நியாயமான அக்கறையோ உள்ளவர், கேட்க வேண்டிய அக்கறை உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொன்னால், சொன்னது தப்பாகப் போனாலும் அவதூறு ஆகாது. தீய நோக்கம் இருந்தது என்று காட்டினால் மட்டுமே இந்தக் கவசம் உடையும். அதைக் காட்டுவது லேசான காரியமில்லை. அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1974-இல் ஹாராக்ஸ் எதிர் லோ வழக்கில் சொன்னபடி, சொன்னவர் முன்முடிவோடும் கோபத்தோடும் இருந்தார் என்பது மட்டும் போதாது. அதை உண்மை என்று அவர் நிஜமாகவே நம்பினாரா என்பதுதான் கணக்கு. நம்பியிருந்தால், அந்தச் சந்தர்ப்பத்தை வேறு எதற்கோ பயன்படுத்தினார் என்று காட்டினால் ஒழிய, கவசம் நிற்கும்.

இப்போது உங்கள் இரண்டு வரிகளுக்கு வருவோம்.

"கடைசி 2 மாதச் சம்பளத்தை இன்னும் தரவில்லை." இது சரிபார்க்கக்கூடிய செய்தி. வங்கிக் கணக்கு விவரமும் சம்பளச் சீட்டும் இருந்தால் பத்து நிமிடத்தில் நிரூபித்துவிடலாம். சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் வாதி வெறுங்கையோடு போக வேண்டியதுதான். ஆனால் ஜாக்கிரதை: இங்கிலாந்திலும் இந்தியாவிலும் நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில். அவர்கள் பொய் என்று நிரூபிக்கட்டும் என்று கை கட்டி உட்கார முடியாது. அதோடு, பழைய நிறுவனம் உடனே "நோட்டீஸ் பீரியட் முழுதாக வேலை பார்க்கவில்லை, அதற்கு ஈடாகப் பிடித்தோம்" என்று சொல்லும். சட்டப்படி பிடித்தது, தராமல் ஏமாற்றியது இரண்டும் ஒன்றில்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் அந்த விதி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

"திருடன், எல்லாரிடமும் இதைத்தான் செய்கிறான்." இந்த வரிதான் உங்களைச் சிக்கவைக்கும். "அது என் கருத்து" என்று பலர் சமாதானம் சொல்வார்கள். கருத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்பது சரி. ஆனால் கருத்தாக எண்ணப்பட வேண்டுமானால், எந்தச் செய்தியின் மேல் அந்தக் கருத்து நிற்கிறது என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். இங்கிலாந்தின் 2013-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இதை வெளிப்படையாகவே கேட்கிறது. "சம்பளத்தை 2 மாதமாகத் தரவில்லை, கேட்டு அனுப்பிய 5 மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, இது அநியாயம் என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தால் அது கருத்து. "திருடன்" என்பது ஒரு குற்றத்தைச் சுமத்துவது. "எல்லாரிடமும்" என்ற ஒரு சொல் இன்னும் மோசம். உங்கள் கதையை மட்டும் நிரூபித்தால் போதாது, மற்றவர்களின் கதையையும் நிரூபிக்கும் சுமையை நீங்களே தலையில் ஏற்றிக்கொண்டீர்கள். அந்த மற்றவர்கள் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாட்சிக் கூண்டில் ஏற வருவார்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வரியில் இழிவுபட்டது நிறுவனமா, மேனேஜரா? இரண்டு பேர் தனித்தனி வாதிகள். நிறுவனத்துக்கு வழக்குப் போடும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் லாபத்துக்காக நடக்கும் நிறுவனம் கடுமையான பண நஷ்டம் வந்தது, அல்லது வரக்கூடும் என்று காட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2006 முதல், 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற லாப நோக்கு நிறுவனம் அவதூறு வழக்கே போட முடியாது. இந்தியாவில் அப்படித் தடை இல்லை, நிறுவனமும் மானநஷ்டம் கோரலாம். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட மேனேஜர் தனி மனிதர். அவருக்கு இந்தத் தடைகள் எதுவும் குறுக்கே வராது. அதனால்தான் சில நோட்டீஸ்களில் நிறுவனமும் அதிகாரியும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். யார் பெயரில் வந்திருக்கிறது என்று உங்கள் நோட்டீஸைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

இதே இரண்டு வரியை நீங்கள் தொழிலாளர் துறைக்கு மனுவாகக் கொடுத்திருந்தால்? சம்பளப் பாக்கியை விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு செய்த புகார், டூகுட் வழக்கின் இரண்டாவது பேச்சைப் போன்றது. இந்தியச் சட்டத்தில் இதற்குத் தனி விதிவிலக்கே இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் எட்டாவது விதிவிலக்கு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அப்படியே தொடர்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஏழாவது விதிவிலக்கு முதலாளி பக்கத்துக்கு உதவுவது: சட்டப்படி தனக்குக் கீழ் உள்ளவரை, அந்த அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் நல்லெண்ணத்தோடு கண்டிப்பது அவதூறு ஆகாது. ஆக இரு தரப்புக்கும் கதவு திறந்தே இருக்கிறது. பிரச்சினை, இரு தரப்பும் அந்தக் கதவை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கத்துவதுதான்.

இந்தியாவில் இருப்பவர் என்றால் இன்னும் ஒரு பயம் உண்டு: அங்கே அவதூறு குற்றவியல் குற்றமும்கூட. 2 ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தொடுத்த வழக்கை 2016 மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. குற்ற வழக்கில் வெறும் உண்மை போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் குற்றவியல் அவதூறு 2010-இல் ஒழிந்தது. இலங்கை அதற்கும் முன்னால், 2002-லேயே அதைக் கைவிட்டுவிட்டது.

இந்தியாவில் இந்த வகை வழக்கு எப்படிப் போகும் என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் எம்.ஜே. அக்பர் தொடுத்தது. அவர் முன்பு பத்திரிகை ஆசிரியர், 2018-இல் மத்திய இணை அமைச்சர். பிரியா ரமணி ஒரு காலத்தில் அவருக்குக் கீழ் வேலை பார்த்த பத்திரிகையாளர். 1993-இல் வேலைக்கான நேர்காணலின்போது அவர் தகாத முறையில் நடந்துகொண்டதாக ரமணி பகிரங்கமாகச் சொன்னார். அக்பர் குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரி 17 அன்று தில்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழிந்தாலும் ஒரு பெண் தான் விரும்பும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்லலாம் என்றது அந்தத் தீர்ப்பு. மேல்முறையீடு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தத் தீர்ப்பில் "யாரிடம் சொன்னார்" என்ற கேள்விக்குக் கிடைத்த விடை முக்கியமானது. சம்பவம் நடந்த காலத்தில் போய் முறையிட ஒரு குழுவே இல்லாதபோது, ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்க முடியாது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சொல்ல வேண்டிய இடமே இல்லாதவரின் நிலை வேறு. உங்கள் சம்பளப் பாக்கிக்கு முறையிட இடம் இருந்தது என்றால், இந்தத் தீர்ப்பை உங்களுக்குச் சாதகமாக அப்படியே தூக்கிவர முடியாது.

இனி அவர்கள் பக்கம். "ஒழுங்கீனம் காரணமாக நீக்கப்பட்டார்" என்ற மின்னஞ்சல். நீங்கள் நினைப்பதைவிட உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு இதுதான்.

அலுவலகத்துக்குள்ளேயே அனுப்பினால் அது வெளியீடு ஆகாது என்று சில எச்.ஆர். அதிகாரிகள் நம்புகிறார்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் அதற்கு இடமுண்டு. இங்கிலாந்து மரபில் மூன்றாவது ஆள் ஒருவர் படித்தாலே வெளியீடுதான். எனவே அவர்கள் சிறப்புரிமைக் கவசத்தைத்தான் தேடுவார்கள். உங்கள் குழுவில் உள்ள 6 பேருக்கு, "இவர் இனி இங்கே இல்லை, வாடிக்கையாளர் வேலையை இன்னார் பார்ப்பார்" என்று சொல்ல வேண்டிய அவசியம் உண்டு. சம்பளப் பிரிவுக்குக் காரணமும் தெரிய வேண்டியிருக்கலாம். வேறு கட்டடத்தில் வேறு வேலை பார்க்கும், உங்களைப் பார்த்தே இராத 300 பேருக்கு "ஒழுங்கீனம்" என்ற சொல் எதற்கு? ஸ்பைரிங் தச்சர் இல்லாத நேரத்தில் சக வேலையாளிடம் பேசியதுதான் இது, பெரிய அளவில்.

வெளியே யாருக்கும் அவர்கள் சொல்லாமலே இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. 1986-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் ஈக்விடபிள் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில் சொன்னதைப் பாருங்கள். நான்கு பெண் ஊழியர்களை வெளியூர் வேலைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் பயணச் செலவுக் கணக்கைக் குறைத்து எழுதித் தரச் சொன்னார்கள். நாங்கள் நேர்மையாகச் செலவழித்ததை ஏன் மாற்றி எழுத வேண்டும் என்று அவர்கள் மறுத்தார்கள். "கடும் கீழ்ப்படியாமை" என்று நீக்கிவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் கொள்கைப்படி வெளியே யார் விசாரித்தாலும் வேலை பார்த்த தேதியும் பதவியும் மட்டும்தான் சொல்வார்கள். ஆனால் அடுத்த நேர்காணலில் "ஏன் அங்கிருந்து விலகினீர்கள்?" என்று கேட்டால் அந்தப் பெண்கள் என்ன செய்வது? பொய் சொல்லலாம், அல்லது தங்கள் வாயாலேயே "கீழ்ப்படியாமைக்காக நீக்கினார்கள்" என்று சொல்லலாம். இப்படிச் சொல்ல வேண்டிய நெருக்கடி வரும் என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் வெளியீட்டுப் பொறுப்பு அதற்கே என்றது நீதிமன்றம். "கீழ்ப்படியாமை என்று காரணம் சொன்னது உண்மைதானே" என்ற வாதமும் எடுபடவில்லை. காரணம் சொன்னது உண்மையா என்பது கேள்வியில்லை, அவர்கள் கீழ்ப்படியாமல் நடந்தார்களா என்பதே கேள்வி. நஷ்ட ஈடு நிலைத்தது, தண்டனையாகப் போட்ட கூடுதல் தொகை மட்டும் ரத்தானது. பல மாநிலங்கள் இந்தக் கோட்பாட்டைப் பின்னர் ஏற்க மறுத்தன. ஆகவே எல்லா இடத்திலும் இது செல்லுபடியாகும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பெண்கள் நேர்காணலில் உட்கார்ந்திருந்த நிலைமை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

புது நிறுவனத்துக்குப் பழைய நிறுவனம் கொடுக்கும் பரிந்துரைக் கடிதத்தில் விஷம் இருந்தால் அவதூறு வழக்கு பெரும்பாலும் தோற்கும். கேட்டவருக்கு அக்கறை உண்டு, சொன்னவர் நம்பிச் சொன்னார், கவசம் முழுதாக வேலை செய்யும். இங்கேதான் 1994-இல் பிரபுக்கள் சபை வேறு வழியைத் திறந்தது. கார்டியன் அஷ்யூரன்ஸ் என்ற நிறுவனம் தன் முன்னாள் பிரதிநிதி ஒருவரை நேர்மையற்றவர் என்று எழுதிவிட்டது. அதைப் பார்த்த நிறுவனம் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. தீய நோக்கம் இல்லாததால் அவதூறு நிற்காது. ஆனால் சரிபார்க்காமல் எழுதியது கவனக்குறைவு, அதற்கு நஷ்ட ஈடு உண்டு என்று தீர்ப்பானது. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2016-இல் அதே வழியில் போனது. பல நிறுவனங்கள் இப்போது தேதியையும் பதவியையும் தவிர வேறு எதையும் எழுதித் தராமல் இருப்பதற்கு இந்த வகைத் தீர்ப்புகள் ஒரு காரணம். ஆக, புது இடத்தில் உங்களுக்கு வேலை கிடைக்காமல் போனதற்கு அவர்களுடைய கடிதம்தான் காரணம் என்றால் வக்கீலிடம் "அவதூறு" என்று மட்டும் கேட்காதீர்கள், "கவனக்குறைவு" பற்றியும் கேளுங்கள்.

சரி, திருப்பி வழக்குப் போடலாமா? போடலாம். காலக்கெடு குறுகியது என்பதை மட்டும் மறக்காதீர்கள். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் சிவில் அவதூறுக்கு 1 ஆண்டுதான். அமெரிக்க மாநிலங்களில் பொதுவாக 1 முதல் 3 ஆண்டு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று எச்.ஆர். உங்களை இழுத்தடித்தால் அந்த ஓராண்டு சத்தமில்லாமல் ஓடிவிடும். ஆனால் என் சொந்த அபிப்பிராயம்: கோபத்தில் போடுகிற எதிர்வழக்கு பேரம் பேசுவதற்குப் பயன்படும், நஷ்ட ஈடு வாங்கித் தருவது அபூர்வம். எனக்குத் தெரிந்து இப்படிப் போனவர்களில் பலர், சம்பளப் பாக்கியைவிட அதிகமாக வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு நல்ல அனுபவச் சான்றிதழோடு சமாதானம் ஆனவர்கள். அந்தச் சான்றிதழை முதல் மாதத்திலேயே கேட்டிருக்கலாம்.

அவர்களும் இதை அறிவார்கள். வாயை மூடவைக்கவே வழக்குப் போடுவதைத் தடுக்கச் சில இடங்களில் தனிச் சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அது 1992-இல் நிறைவேறியது, கனடாவின் ஒன்டாரியோவில் 2015-இல். பொது அக்கறை உள்ள விஷயத்தில் பேசியவர் மேல் தொடுத்த வழக்கு ஆரம்பத்திலேயே சோதிக்கப்படும். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் விசாரணைக்கு முன்பே எழுத்தை நீக்கச் சொல்லும் இடைக்காலத் தடையை லேசில் கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் புளூம்பெர்க் எதிர் ஜீ வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. அவர்கள் தடை கேட்டால் உங்கள் வக்கீல் கையில் முதலில் இருக்க வேண்டியது அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது. எழுதியதை நீக்கும் முன் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்ன எழுதினீர்கள் என்பது பின்னால் சர்ச்சையாகும். பிறகு "திருடன்", "எல்லாரிடமும்" உள்ள வரியை எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. சம்பள வரியை எடுக்க வேண்டியதில்லை, ஆதாரம் இருந்தால். நோட்டீஸுக்குப் பதில் வக்கீல் மூலம் கெடுவுக்குள் போகட்டும். பதில் இல்லாவிட்டால், சமாதானமாக முடிக்கச் சொல்லியும் திமிராக இருந்தார் என்று நீதிமன்றத்தில் உங்களைக் காட்டுவார்கள். நான் கிழிக்க வேண்டாம் என்றது இதனால்தான். அவர்கள் அனுப்பியிருக்கும் மன்னிப்பு வாசகத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள், அதிலேயே "பொய் என்று தெரிந்தே எழுதினேன்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். சமாதானம் பேசினால் வாயடைப்பு இருபக்கமும் இருக்கட்டும்: நீங்கள் எழுத மாட்டீர்கள், அவர்களும் விசாரிப்பவர்களிடம் தேதியும் பதவியும் மட்டும் சொல்வார்கள், "ஒழுங்கீனம்" என்ற சொல் உங்கள் கோப்பிலிருந்து போகும், சம்பளப் பாக்கி இன்ன தேதிக்குள் வரும்.

அந்த மின்னஞ்சலைத் தேடுங்கள். உங்கள் அலுவலகக் கணக்கு முடங்கியிருக்கும், உங்களுக்கு அது வந்திருக்கவும் வாய்ப்பில்லை. யாரோ ஒருவர் போனில் காட்டியிருப்பார். அவரை மாட்டிவிடாதீர்கள், அவர் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார். நாளும் நேரமும் தலைப்பும் குறித்துவைத்தால் போதும், வழக்கு வந்தால் அதைத் தாக்கல் செய்யச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட முடியும். அப்போது முதலில் படிக்க வேண்டியது உள்ளே இருக்கும் வாசகத்தை இல்லை. மேலே பெறுநர் என்ற இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.